டெர்மினலுக்குள்ளேயே படம் பார்ப்பது எப்படி: எஸ்எஸ்எச் வழியாக வேலை செய்யும் புதியவர்களுக்கு

வேலை ஓடுவது எங்கோ இருக்கும் சர்வரில். நம் முன்னால் இருப்பது, அந்தச் சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் திறந்த ஒரு கறுப்பு ஜன்னல், அதாவது டெர்மினல். பைத்தான் நிரல் ஓடி முடிந்து ‘லாஸ்.பிஎன்ஜி’ என்று ஒரு வரைபடத்தை எழுதி வைக்கிறது. அதைப் பார்க்க, கோப்பை நகலெடுக்கும் எஸ்சிபி கட்டளையைப் போட்டு லேப்டாப்புக்கு இறக்க வேண்டும், ஃபோல்டரைத் தேட வேண்டும், திறக்க வேண்டும். நிரலில் ஒரே ஒரு எண்ணை மாற்றினால் மறுபடி அதே சுற்று. இந்த அலைச்சல் தேவையே இல்லை. கட்டளை அடித்த அதே இடத்தில், அடுத்த வரியிலேயே படத்தைத் தெளிவாகப் பார்க்கலாம்.

இதற்கு வழி தேடினால் ஒரு டஜன் கருவிகளின் பெயர் கிடைக்கும். ஒவ்வொன்றாக நிறுவிப் பார்ப்போம். எல்லாவற்றிலும் கட்டம் கட்டமாக மங்கிய படமே வரும். ‘டெர்மினலில் இவ்வளவுதான் முடியும் போல’ என்று பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். குறை கருவியில் இல்லை. படம் எவ்வளவு தெளிவாக வரும் என்பதை முடிவு செய்வது, நீங்கள் உட்கார்ந்திருக்கும் கணினியில் திறந்திருக்கும் டெர்மினல் செயலி. சர்வரில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இதை யாரும் எனக்கு முதலிலேயே சொல்லவில்லை. அதனால்தான் டெர்மினலைச் சோதிப்பதிலிருந்து தொடங்குகிறேன்.

செலவு: இங்கே சொல்லும் மென்பொருள்கள் எல்லாமே இலவசம். நேரம்: உங்கள் டெர்மினல் ஏற்கெனவே பொருத்தமானது என்றால் பத்து நிமிடம், மாற்ற வேண்டியிருந்தால் அரை மணி நேரம். கையில் இருக்க வேண்டியவை: சொந்தக் கணினியில் மென்பொருள் நிறுவும் உரிமை, சர்வருக்குள் நுழையும் கணக்கு, சோதிக்க ஒரு பிஎன்ஜி கோப்பு. சர்வரில் நிர்வாகி உரிமை வேண்டியதில்லை.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டைப் செய்யும்போது எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்து. குழப்பம் வரக்கூடிய இடங்களில் எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன்.

1. உங்கள் டெர்மினலால் படம் காட்ட முடியுமா என்று பாருங்கள்

டெர்மினலில் படம் வருவதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில் உண்மையில் படமே வராது. பாதிக் கட்டம், கால் கட்டம் போன்ற யூனிகோடு குறிகளுக்கு நிறம் பூசிப் படம்போலக் காட்டுவார்கள். எந்த டெர்மினலிலும் இது ஓடும், ஆனால் மங்கலாக இருக்கும். பாதிக் கட்டம் மட்டும் பயன்படுத்தினால், 80 பத்தி, 24 வரி உள்ள ஜன்னலில் கிடைப்பது 80க்கு 48 புள்ளிகள்தான். ஒரு முகத்தை அடையாளம் காணலாம், வரைபடத்தின் அச்சில் உள்ள எண்களைப் படிக்க முடியாது.

இரண்டாவது வழியில் உண்மையான புள்ளிகளே வருகின்றன. இதற்கு இன்று மூன்று நெறிமுறைகள் புழக்கத்தில் உள்ளன. 1980களில் டெக் நிறுவனத்தின் அச்சுப்பொறிகளுக்கும் டெர்மினல்களுக்கும் வந்த சிக்ஸல், கிட்டி டெர்மினலின் நெறிமுறை, மேக் கணினிக்கான ஐடெர்ம்2-இன் நெறிமுறை. உங்கள் டெர்மினலுக்கு இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்திருந்தால் போதும்.

சிக்ஸல் தெரியுமா என்று டெர்மினலிடமே கேட்கலாம். எஸ்எஸ்எச்சுக்குள் நுழையாமல், உங்கள் கணினியிலேயே பாஷ் ஷெல்லில் (ஷெல் என்பது கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) இதை அடியுங்கள்:

பிரிண்ட்எஃப் '\ஈ[சி'

இதில் ஈ, சி இரண்டும் ஆங்கில எழுத்துகள். என்டர் தட்டியதும் அடுத்த வரியில் 62;4;22சி என்பதுபோல எண்கள் தாமாக வந்து நிற்கும். முன்னால் உள்ள எண் டெர்மினலுக்கு டெர்மினல் மாறும், அதை விடுங்கள். அதற்குப் பிறகு, அரைப்புள்ளிகளால் பிரிந்த எண்களில் 4 தனியாக இருந்தால் சிக்ஸல் உண்டு. பார்த்துவிட்டு அந்த எண்களை பேக்ஸ்பேஸ் போட்டு அழியுங்கள். என்டர் தட்டினால் ஷெல் அதைக் கட்டளை என்று நினைத்துப் பிழை காட்டும், வேறு கெடுதல் ஒன்றும் இல்லை.

4 வரவில்லை என்பதால் உடனே சோர்ந்துவிடாதீர்கள். கிட்டி டெர்மினல் சிக்ஸலை ஏற்பதே இல்லை, அதனிடம் அதன் சொந்த நெறிமுறை இருக்கிறது. அதனால் செயலியின் பெயரையும் பதிப்பையும் பார்த்துவிடுவது நல்லது:

விண்டோஸ் டெர்மினல்: 1.22 பதிப்பிலிருந்து சிக்ஸல் உண்டு. அதற்கு முந்தியது என்றால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

கிட் பாஷுடன் வரும் மின்டிடிஒய்: சிக்ஸல் உண்டு.

புட்டி: எதுவும் கிடையாது. படம் வேண்டுமென்றால் புட்டியை விட்டு வெளியே வரத்தான் வேண்டும்.

க்னோம் டெர்மினல்: உபுண்டுவில் வழக்கமாகக் கிடைப்பதில் சிக்ஸல் இயங்காது. உபுண்டு பயன்படுத்தும் பெரும்பாலோர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

கான்சோல்: 22.04 பதிப்பிலிருந்து மூன்று நெறிமுறைகளும் உண்டு. ஒரு கண்ணி இருக்கிறது: உபுண்டு 22.04-உடன் வருவது கான்சோல் 21.12. எண் ஒன்றாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

மேக்கின் சொந்த டெர்மினல்: கிடையாது. ஐடெர்ம்2 நிறுவிக்கொள்ளுங்கள்.

அலாக்ரிட்டி: கிடையாது. வேகமான, நல்ல டெர்மினல்தான், ஆனால் இந்த வேலைக்கு ஆகாது.

விஎஸ் கோட்: உள்ளே இருக்கும் டெர்மினலில் சிக்ஸலும் ஐடெர்ம் நெறிமுறையும் உண்டு. அமைப்புகளில் ‘டெர்மினல் இமேஜஸ்’ என்று தேடி, எனேபிள் இமேஜஸ் என்பதை நீங்களே இயக்க வேண்டும். ரிமோட் எஸ்எஸ்எச் வழியாக விஎஸ் கோட் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்த ஒரு டிக் போதும், இரண்டாவது படியைத் தாண்டிவிடலாம்.

2. இல்லையென்றால் டெர்மினலை மாற்றுங்கள்

லினக்ஸில் என் பரிந்துரை கிட்டி. படத்தின் முழு நிறமும் வரும், உருட்டினால் படமும் சேர்ந்து உருளும். சிக்ஸலில் பொதுவாக 256 நிறங்களுக்குள் சுருக்கித்தான் அனுப்புவார்கள். வரைபடத்துக்கு அது தாராளம், ஆனால் வானம் உள்ள புகைப்படத்தில் பட்டை பட்டையாகத் தெரியும்.

சூடோ ஏபிடி இன்ஸ்டால் கிட்டி

கிட்டிக்கு ஓபன்ஜிஎல் என்ற கிராபிக்ஸ் வசதி வேண்டும். பழைய கணினியிலோ விர்ச்சுவல் மெஷினிலோ ஜன்னல் திறக்காமல் போனால் அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம். லினக்ஸில் ஜன்னல்களைத் திரையில் காட்டும் அமைப்பு வேலண்டாகவோ எக்ஸ்11-ஆகவோ இருக்கும். வேலண்டில் இருப்பவர்கள் ஃபுட் என்ற டெர்மினலை நிறுவலாம், அது கிராபிக்ஸ் அட்டையை எதிர்பார்க்காது. எக்ஸ்11-இல் இருப்பவர்களுக்குப் பழைய எக்ஸ்டெர்மே போதும். அதைத் திறக்கும்போது ‘எக்ஸ்டெர்ம் -டிஐ விடி340’ (இரண்டு டி-யும் டெர்மினல் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து) என்று சொல்லித் திறந்தால்தான் சிக்ஸல் வேலை செய்யும்.

கிட்டிக்கு மாறியதும் புதியவர்கள் திகைக்கிற ஒன்று உண்டு. சர்வருக்குள் போனவுடன் ‘எக்ஸ்டெர்ம்-கிட்டி என்ற டெர்மினல் வகை தெரியாது’ என்று பிழை வரும். பேக்ஸ்பேஸ் அடித்தால் எழுத்து அழியாமல் இடைவெளி சேரும், கிளியர் வேலை செய்யாது. சர்வரின் பட்டியலில் கிட்டியின் விவரம் இல்லை என்பதுதான் காரணம். வெறும் எஸ்எஸ்எச்சுக்குப் பதிலாக இப்படி நுழையுங்கள்:

கிட்டி +கிட்டன் எஸ்எஸ்எச் சர்வர்பெயர்

அந்த விவரத்தை இதுவே சர்வரில் உங்கள் கணக்கில் கொண்டுபோய் வைத்துவிடும்.

3. சாஃபாவை நிறுவுங்கள்

கருவிகளில் ஒன்றை மட்டும் கற்பது என்றால் சாஃபாவைக் கற்றுக்கொள்ளுங்கள். எழுத்துக்கூட்டினால் சி, எச், ஏ, எஃப், ஏ. ஹான்ஸ் பீட்டர் யான்சன் எழுதியது. மூன்று நெறிமுறைகளும் அதற்குத் தெரியும். எதுவும் இல்லாத டெர்மினலில் யூனிகோடு குறிகளால் வரையவும் தெரியும், இருக்கும் கருவிகளில் அந்த வேலையை நன்றாகச் செய்வதும் இதுதான்.

உபுண்டு, டெபியனில்: சூடோ ஏபிடி இன்ஸ்டால் சாஃபா

மேக்கில்: ப்ரூ இன்ஸ்டால் சாஃபா

விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸை இயக்கும் வசதி) இருந்தால் அதற்குள் போய் உபுண்டுவைப் போலவே நிறுவுங்கள். ஆண்ட்ராய்டில் டெர்மக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு ‘பிகேஜி இன்ஸ்டால் சாஃபா’.

டிம்ஜி என்ற கருவியும் நல்லது. படங்களை வரிசையாக அடுக்கிப் பார்க்க அது இன்னும் வசதி, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். கிட்டியில் இருப்பவர்களுக்கு எதையும் நிறுவாமலே ‘கிட்டி +கிட்டன் ஐகேட் படம்.பிஎன்ஜி’ வேலை செய்யும். எஃப்பிஐ, எஃப்ஐஎம் என்ற கருவிகளைப் பரிந்துரைத்துப் பல குறிப்புகள் கண்ணில் படும். அவை டெஸ்க்டாப் எதுவும் இல்லாத லினக்ஸ் கன்சோலுக்கானவை. டெர்மினல் ஜன்னலுக்குள்ளோ எஸ்எஸ்எச் வழியாகவோ அவை தெளிவான படம் காட்டாது.

4. முதல் படம்

சாஃபா படம்.பிஎன்ஜி

சாஃபா டெர்மினலின் வகையைத் தானே கண்டுபிடிக்கப் பார்க்கும். பெரும்பாலும் சரியாகவே கண்டுபிடிக்கும். தெளிவான படம் வந்துவிட்டால் அடுத்த படிக்குப் போய்விடுங்கள்.

கட்டம் கட்டமாக வந்தால், உங்கள் டெர்மினலுக்குப் படம் காட்டத் தெரியும் என்று முதல் படியில் உறுதி செய்திருந்தால், சாஃபாவுக்கு நீங்களே சொல்லுங்கள்:

சாஃபா -எஃப் சிக்ஸல்ஸ் படம்.பிஎன்ஜி

சிக்ஸல்ஸ் என்ற இடத்தில் கிட்டி, ஐடெர்ம், சிம்பல்ஸ் என்றும் போடலாம். தவறான நெறிமுறையைப் போட்டால் ஒன்றுமே வராது, அல்லது திரை முழுக்கப் புரியாத எழுத்துகள் கொட்டும். கன்ட்ரோல்-சி அடித்து நிறுத்துங்கள், எதுவும் கெட்டுப்போகாது.

படம் திரையை அடைத்துக்கொண்டால் அளவைக் குறைக்க ‘--சைஸ்’ என்ற தேர்வு இருக்கிறது. அதன் பிறகு 60, ஆங்கில எக்ஸ் எழுத்து, 30 என்று இடைவெளி விடாமல் எழுத வேண்டும். இந்த எண்கள் புள்ளிகள் அல்ல, எழுத்துக் கட்டங்கள். அகலம் 60 எழுத்து, உயரம் 30 வரி. 800, 600 என்று புள்ளிக் கணக்கில் போட்டுவிட்டுப் படம் ஏன் இப்படி ஓடுகிறது என்று குழம்புகிறவர்கள் நிறைய.

யூனிகோடு குறிகளை விட்டால் வேறு வழியில்லாத டெர்மினலில் இருப்பவர்களுக்கு இரண்டு உதவிகள். ஒன்று, படத்தைக் காட்டும் முன் கன்ட்ரோலுடன் கழித்தல் குறியை நாலைந்து முறை தட்டி எழுத்தைச் சிறிதாக்குங்கள். அதே ஜன்னலில் கட்டங்கள் கூடும், படமும் அந்த அளவுக்குத் தெளியும். பார்த்த பிறகு கன்ட்ரோலுடன் பூஜ்யம் தட்டினால் பழைய அளவு வரும். மற்றொன்று நிறம். ‘எக்கோ $கலர்டெர்ம்’ என்று அடித்துப் பாருங்கள், அந்தச் சொல் முழுக்கப் பெரிய எழுத்து. ட்ரூகலர் என்று வந்தால் நல்லது. வெறுமையாக வந்து, ஆனால் உங்கள் டெர்மினலுக்கு முழு நிறம் தெரியும் என்றால், சாஃபாவுக்கு ‘-சி ஃபுல்’ என்று சேர்த்துக் கொடுங்கள்.

ஸ்கேன் செய்த தமிழ்ப் பக்கத்தையோ ரசீதையோ படிக்க வேண்டும் என்றால் குறிகளை நம்பாதீர்கள். சுழியும் புள்ளியும் முதலில் மறையும், க-வும் ச-வும் ஒன்றாகிவிடும். அதற்கு உண்மையான புள்ளிகள் தரும் டெர்மினல்தான் வேண்டும்.

5. சர்வரில் இருக்கும் படத்தைப் பார்ப்பது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும் நினைவில் வைக்க இடம் இருந்தால் இதை வையுங்கள்.

சர்வரில் சாஃபா இருக்காது. நிறுவ உங்களுக்கு உரிமை இருக்காது. நிர்வாகிக்கு மின்னஞ்சல் எழுதி, அனுமதிக்குக் காத்திருந்து, பழைய பதிப்பு ஒன்று கிடைத்து... இதெல்லாம் வேண்டாம். உங்கள் கணினியில் இன்னொரு தாவலைத் திறந்து இப்படி அடியுங்கள்:

எஸ்எஸ்எச் சர்வர்பெயர் கேட் வேலை/லாஸ்.பிஎன்ஜி | சாஃபா -

சர்வரில் ஓடுவது ‘கேட்’ மட்டும், அது எல்லா லினக்ஸிலும் உண்டு. கோப்பு அப்படியே குழாய் (நடுவில் உள்ள | குறி) வழியாக உங்கள் கணினிக்கு வருகிறது, அதைப் படமாக்குவது உங்கள் கணினியில் உள்ள சாஃபா. கடைசியில் உள்ள கழித்தல் குறி ‘குழாயில் வருவதைப் படி’ என்று பொருள்படும், அதை விட்டுவிடாதீர்கள். டெர்மினலைக் கண்டுபிடிப்பதில் குழப்பம் இல்லை, சர்வரில் ஒரு கோப்பும் மிஞ்சுவதில்லை, உங்கள் வட்டிலும் எதுவும் சேர்வதில்லை.

இதில் மூன்று கண்ணிகள் உண்டு.

எஸ்எஸ்எச்சுக்கு -டி (டெர்மினல் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து) என்ற தேர்வைச் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் சர்வர் அதை மனிதர் உட்கார்ந்திருக்கும் திரையாக எண்ணி வரி முடிவுகளை மாற்றி எழுதும். படக் கோப்பில் ஒரு பைட் மாறினாலும் கோப்பு கெட்டுவிடும்.

சர்வரில் பாஷ் தொடங்கும்போது படிக்கும் உங்கள் .பாஷ்ஆர்சி கோப்பில் ‘வணக்கம்’ போன்ற செய்தியை அச்சிடும் எக்கோ வரி இருந்தால், அந்தச் செய்தியும் படத்தின் தலையில் ஒட்டிக்கொண்டு வரும். சாஃபா ‘இது என்ன வகைக் கோப்பு என்று தெரியவில்லை’ என்று கைவிரித்துவிடும். கோப்பு நன்றாக இருந்தும் இந்தப் பிழை வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்டால் எரிச்சல் வந்து நீங்கள் பழைய எஸ்சிபிக்கே திரும்பிவிடுவீர்கள். எஸ்எஸ்எச் சாவியை முதலிலேயே அமைத்துக்கொள்ளுங்கள்: ‘எஸ்எஸ்எச்-கீஜென்’, பிறகு ‘எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி சர்வர்பெயர்’. ஐந்து நிமிட வேலை.

சர்வருக்குள்ளேயே உட்கார்ந்து பார்க்கத்தான் விருப்பம் என்றால் அதுவும் முடியும். சாஃபாவின் தளத்தில் லினக்ஸுக்கான ஒற்றைக் கோப்புப் பதிப்பு கிடைக்கிறது. அதை உங்கள் ஹோம் ஃபோல்டரில் போட்டு இயக்கலாம், நிர்வாகி உரிமை வேண்டாம். ஆனால் கலர்டெர்ம் போன்ற விவரங்களை எஸ்எஸ்எச் வழக்கமாக உடன் எடுத்துப் போகாது. அதனால் அங்கே -எஃப் தேர்வை நீங்களே கொடுக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

நிரல் ஓட ஓட வரைபடம் மாறிக்கொண்டிருப்பதைப் பார்க்க ‘சாஃபா --வாட்ச் லாஸ்.பிஎன்ஜி’. கோப்பு மாறும்போதெல்லாம் படமும் மாறும், நிறுத்த கன்ட்ரோல்-சி. மாடல் பயிற்சி ஓடும் ராத்திரிகளில் இது பெரிய நிம்மதி. பைத்தானில் வரைபடம் வரைய மேட்பிளாட்லிப் பயன்படுத்துகிறவர்கள், திரையில்லாத சர்வரில் டிஸ்பிளே பற்றிய பிழை வந்தால், நிரலை இயக்கும் முன் எம்பிஎல்பேக்எண்ட் என்ற சூழல் மாறிக்கு ‘ஆக்’ என்று மதிப்புக் கொடுங்கள். எழுத்து ஏ, ஜி, ஜி. மாறியின் பெயர் முழுக்கப் பெரிய எழுத்து.

6. டிமக்ஸ் உள்ளே படம் வராவிட்டால்

டிமக்ஸ் என்பது ஒரே ஜன்னலில் பல ஷெல்களைத் திறந்து, இணைப்பு அறுந்தாலும் வேலையை ஓட விடும் செயலி. அது உங்கள் நிரலுக்கும் டெர்மினலுக்கும் நடுவே நிற்கிறது. தனக்குப் புரியாத குறியீடுகளை அது டெர்மினலுக்கு விடாது. அதனால் வெளியே நன்றாக வந்த படம் டிமக்ஸுக்குள் வராது.

‘டிமக்ஸ் -வி’ என்று பதிப்பைப் பாருங்கள். இங்கே வி பெரிய எழுத்து. 3.3 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் .டிமக்ஸ்.கான்ஃப் கோப்பில் இந்த வரியைச் சேருங்கள்:

செட் -ஜி அலவ்-பாஸ்த்ரூ ஆன்

3.4-இலிருந்து டிமக்ஸுக்கே சிக்ஸல் தெரியும், ஆனால் அதைத் தொகுத்தவர்கள் அந்த வசதியை இயக்கித் தொகுத்திருக்க வேண்டும். எல்லா லினக்ஸிலும் அப்படி இருப்பதில்லை. இவ்வளவும் செய்த பிறகும் பலகம் மாற்றினால் படம் அங்கேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், உருட்டினால் காணாமல் போகும். நேரத்தை இதில் கொட்டாதீர்கள். நிரலை டிமக்ஸில் ஓட விடுங்கள், படத்தை வேறு தாவலில் ஐந்தாம் படியின் வழியில் பாருங்கள்.

7. டேட்டாவும் தாமதமும்

மொபைல் டேட்டாவில் வேலை செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கிட்டி, ஐடெர்ம் நெறிமுறைகள் படத்தை பேஸ்64 எழுத்துகளாக்கி அனுப்புகின்றன, 3 பைட் 4 பைட் ஆகும். சர்வரிலிருந்து கோப்பை அப்படியே அனுப்பினால் 3 எம்பி படத்துக்கு 4 எம்பி செலவு. குறிகளால் வரைந்தால் முழு நிறத்திலும் ஒரு கட்டத்துக்கு ஏறத்தாழ 40 பைட்டுக்கு மேல் போகாது. 80க்கு 40 கட்டம் என்றால் 125 கேபி அளவில் முடிந்துவிடும். ஐந்தாம் படியின் வழியில் கோப்பின் அசல் அளவு மட்டுமே செலவாகும்.

கேமராவில் எடுத்த பெரிய படங்களைச் சர்வரிலேயே சுருக்கிவிட்டு அனுப்புவது நல்லது. அங்கே இமேஜ்மேஜிக் என்ற படக் கருவி இருந்தால்:

எஸ்எஸ்எச் சர்வர்பெயர் கன்வர்ட் பெரியபடம்.ஜேபிஜி -ரீசைஸ் 800 ஜேபிஜி:- | சாஃபா -

இமேஜ்மேஜிக் 7 உள்ள இடத்தில் கன்வர்ட்டுக்குப் பதில் மேஜிக். ‘எஸ்எஸ்எச் -எக்ஸ்’ (இங்கே எக்ஸ் பெரிய எழுத்து) போட்டு, சர்வரில் உள்ள வழக்கமான படம் பார்க்கும் செயலியின் ஜன்னலையே இங்கே திறக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். அலுவலக வலைக்குள் அது சரி. வீட்டு இணைப்பில் ஜன்னல் திறப்பதற்குள் பொறுமை போய்விடும்.

8. பிடிஎஃப், ஃபோல்டர் முழுக்கப் படங்கள்

பிடிஎஃப் என்றால் பாப்லர்-யுட்டில்ஸ் தொகுப்பில் உள்ள பிடிஎஃப்டுபிபிஎம் கருவியை (நடுவில் உள்ள ‘டு’ எண் அல்ல, டி, ஓ என்ற எழுத்துகள்) நடுவில் வையுங்கள். முதல் பக்கம் மட்டும் பார்க்க:

பிடிஎஃப்டுபிபிஎம் -பிஎன்ஜி -ஆர் 100 -எஃப் 1 -எல் 1 கோப்பு.பிடிஎஃப் | சாஃபா -

-எஃப், -எல் இரண்டையும் கொடுக்காவிட்டால் நூறு பக்கமும் படமாகி வரத் தொடங்கும்.

ஃபோல்டரில் நூற்றுக்கணக்கில் படங்கள் இருந்தால் டிம்ஜியை எடுங்கள். ‘டிம்ஜி --கிரிட்=4 --டைட்டில் *.ஜேபிஜி’ என்றால் வரிசைக்கு நான்காக, கோப்புப் பெயரோடு அடுக்கிக் காட்டும். எந்தப் படத்தை வைப்பது, எதை அழிப்பது என்று முடிவு செய்ய இதைவிட விரைவான வழி எனக்குக் கிடைக்கவில்லை.

9. திரை அலங்கோலமாகிவிட்டால்

படக் கோப்பை மறந்துபோய் நேராக ‘கேட்’ செய்துவிட்டால் திரையில் குப்பை கொட்டும். அதன் பிறகு நீங்கள் அடிக்கும் எழுத்துகளும் விநோத வடிவங்களாக வரலாம், அல்லது தெரியாமலே போகலாம். ஜன்னலை மூட வேண்டாம், ஓடும் வேலை அதோடு போய்விடும். ‘ரீசெட்’ என்று கண்ணை மூடிக்கொண்டாவது டைப் செய்து என்டர் தட்டுங்கள். எழுத்து தெரியாவிட்டாலும் ஷெல் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

அனிமேஷன் உள்ள ஜிஃப் கோப்பைக் கொடுத்தால் சாஃபா அதை ஓட்டிக்கொண்டே இருக்கும். முதல் சட்டம் மட்டும் போதும் என்றால் ‘--அனிமேட் ஆஃப்’. சாஃபாவின் வெளியீட்டை, பக்கம் பக்கமாகக் காட்டும் லெஸ் கருவிக்குள் அனுப்பினால் சிக்ஸலும் கிட்டியும் சிதைந்துவிடும். குறிகளால் வரைந்தது மட்டும் ‘லெஸ் -ஆர்’ உடன் ஒழுங்காக வரும், அந்த ஆர் பெரிய எழுத்து.